ஒரே உறைக்குள்

உடற்கூறியல் பாடநூல் எதைத் திறந்தாலும் இரத்த நாளங்களுக்கு ஓர் அத்தியாயம், நரம்புகளுக்கு ஓர் அத்தியாயம், எங்கோ இடையில் அவசரமாகச் சொல்லி முடித்த சில பக்கங்களில் நிணநீர் மண்டலம் என்றுதான் இருக்கும். இந்தப் பிரிவினை மிகப் பழையது. 1543இல் பேசல் நகரில் அச்சான ஆந்திரேயஸ் வெசாலியஸின் பெருநூல் சிரைகளையும் தமனிகளையும் மூன்றாம் பகுதியில் வைத்தது, நரம்புகளை நான்காம் பகுதியில் வைத்தது. நிணநீர் நாளங்களை அன்று யாரும் ஒரு மண்டலமாக அறிந்திருக்கவில்லை. அவற்றுக்கு இடமே இல்லை. மாணவர் மனப்பாடம் செய்ய இந்தப் பிரிவினை வசதியானதுதான். ஆனால் உடலைத் திறந்து பார்க்கிற அறுவை மருத்துவர் இப்படிப் பிரிந்து கிடக்கும் எதையும் காண்பதில்லை. மார்புக் கூட்டில் ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் உட்புறமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அதில் மேலே சிரை, நடுவே தமனி, கீழே நரம்பு என்ற வரிசை அநேகமாக மாறுவதில்லை. நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரை எடுக்க ஊசி போடும் மருத்துவர், இடைவெளிக்குக் கீழே இருக்கும் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே ஊசியைச் செலுத்துவது இதனால்தான். கொஞ்சம் மேலே போனால் மூன்றும் ஒரே குத்தில் அடிபடலாம். முழங்கையின் மடிப்பில் இரத்த அழுத்தம் பார்க்க ஸ்டெதாஸ்கோப் வைக்கும் இடத்தில் துடிப்பது மேற்கைத் தமனி. அதற்கு உட்புறமாக, விரல் அகலம்கூட இல்லாத தூரத்தில், கட்டைவிரலை அசைக்கும் நடு நரம்பு செல்கிறது. தமனியின் இரு பக்கமும் இரண்டு மெல்லிய சிரைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றோடு ஆழத்து நிணநீர் நாளங்களும் அக்குள் வரை துணையாக வருகின்றன.

உடலெங்கும் இப்படித்தான் என்றால், இது அடுக்கி வைத்த வசதி மட்டும்தானா, இல்லை இவற்றுக்குள் வேறு உறவு உண்டா? மூன்றும் ஒன்றையொன்று உருவாக்கி, ஊட்டி, கட்டுப்படுத்தும் ஒரே அமைப்பு என்பதும், தனித்தனியாகப் படிக்கும்போது அவற்றின் மிக முக்கியமான இயல்பே நழுவிப்போகிறது என்பதும்தான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

நிணநீர் நாளங்கள் கண்டுபிடிக்கப்பட்ட கதையே இந்த வாதத்துக்குப் பக்கபலம். 1622 ஜூலையில் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, குரல்வளைக்குத் திரும்பிச் செல்லும் நரம்பைக் காட்டுமாறு நண்பர்கள் கேட்டதற்காக உயிருள்ள ஒரு நாயை அறுத்தார். அது முடிந்ததும் உதரவிதானத்தின் அசைவைப் பார்க்க வயிற்றைத் திறந்தார். குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற இழைகள் பரவிக் கிடந்தன. அவற்றை முதலில் அவர் நரம்புகள் என்றே எண்ணினார். ஒன்றை வெட்டியதும் பால் போன்ற திரவம் பீறிட்டது. நாய் சற்று முன்புதான் வயிறாரத் தின்றிருந்தது; அந்த வெண்மை, உணவிலிருந்து உறிஞ்சப்பட்ட கொழுப்பு. தேர்ந்த கண்ணையே நிணநீர் நாளமும் நரம்பும் ஒரு கணம் ஏமாற்றின என்றால், இரண்டும் ஒரே சவ்வில், ஒரே தமனிக் கிளைகளை ஒட்டி ஓடியதுதான் காரணம். 1651இல் ழான் பெக்கே இந்த வெண்ணிற ஓட்டம் போய்ச் சேரும் மார்பு நாளத்தை விவரித்தார். அது வயிற்றின் மேற்பகுதியில் தொடங்கி, மகாதமனி மார்பிலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் அதே துளை வழியாக மேலேறி, முதுகெலும்பின் முன்னே மகாதமனியின் அருகிலேயே நடந்து, இடது கழுத்தடியில் பெரிய சிரையில் கலக்கிறது.

மூன்றும் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓய்வில் இருக்கும் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தமனிகளில் தள்ளுகிறது. தமனிகள் கிளைத்துக் கிளைத்து, ஒரு சிவப்பணு நெருக்கிக்கொண்டு செல்லும் அளவுக்குக் குறுகிய தந்துகிகளாகின்றன. அங்கே ஆக்சிஜனும் ஊட்டமும் வெளியேறிய பிறகு சிரைகள் வழியே இரத்தம் திரும்புகிறது. நரம்புகள் செய்தியைக் கடத்துகின்றன: கொழுப்புறை போர்த்திய தடித்த இழைகளில் வினாடிக்கு 100 மீட்டரையும் தாண்டும் வேகத்தில், உறையில்லாத மெல்லிய இழைகளில் வினாடிக்கு ஒரு மீட்டர் போல. நிணநீர் நாளங்கள் திசுக்களுக்கிடையே தேங்கும் திரவத்தையும் புரதத்தையும் சேகரித்து, கணுக்களில் வடிகட்டி, மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன.

இதில் கடைசி வேலையை உலகம் நெடுங்காலம் குறைத்தே மதிப்பிட்டது. தந்துகியின் தொடக்கத்தில் கசியும் திரவத்தில் பெரும்பகுதி அதன் சிரை முனையிலேயே உறிஞ்சப்படுகிறது, மிச்சம் மீதிதான் நிணநீராகிறது என்று பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். 2010இல் லெவிக், மிஷெல் ஆகிய இரு உடலியங்கியலாளர்கள் சான்றுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, பெரும்பாலான திசுக்களில் இந்தக் கணக்கு சரியல்ல என்று காட்டினார்கள். கசிந்ததில் ஏறத்தாழ எல்லாமே நிணநீர் வழியாகத்தான் திரும்புகிறது. ஒரு நாளைக்கு இப்படிக் கசிவது சுமார் 8 லிட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் பாதியளவு நிணநீர்க் கணுக்களிலேயே இரத்தத்துக்குள் போய்விடுகிறது, மீதி கழுத்தடியில் கலக்கிறது. உடலில் உள்ள இரத்தப் பிளாஸ்மா மொத்தமே சுமார் 3 லிட்டர்தான். அப்படியானால் நிணநீர் நாளங்கள் நின்றுபோனால் ஒரு நாள்கூட ஆகாது, இரத்த ஓட்டம் வற்றத் தொடங்கிவிடும். 1628இல் ஹார்வி நிறுவிய இரத்தச் சுழற்சி மாபெரும் உண்மை. ஆனால் அந்த வட்டம் தந்துகிகளில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, நிணநீர்தான் அதை மூடுகிறது.

நரம்புக்கும் நாளத்துக்கும் உள்ள உறவை 1850களின் தொடக்கத்தில் ஒரு முயலின் காது வெளிப்படுத்தியது. பாரிஸில் கிளாட் பெர்னார் முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை வெட்டினார். வெட்டிய பக்கத்துக் காதில் நாளங்கள் விரிந்து சிவந்தன, காது சூடாயிற்று. வெட்டுண்ட நரம்பின் மேல்முனையை மின்சாரத்தால் தூண்டியபோது நாளங்கள் சுருங்கிக் காது குளிர்ந்ததை பிரவுன்-செக்கார் 1852இல் வெளியிட்டார். தமனியின் குறுக்களவை நரம்பு வினாடிக்கு வினாடி நிர்ணயிக்கிறது என்பது அன்றிலிருந்து ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். படுத்திருந்தவர் எழுந்து நிற்கும்போது மயங்கி விழாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். நிணநீரைச் சேர்த்துச் செல்லும் பெரிய நாளங்களுக்கும் தசைச் சுவர் உண்டு. அவை தாமாகவே சுருங்கி விரிந்து, வால்வுக்கு வால்வு திரவத்தை ஏற்றுகின்றன. அந்தச் சுருக்கத்தையும் பரிவு நரம்புகள் கூட்டிக் குறைக்கின்றன. எதிர்த்திசையில் கடன் இன்னும் நெருக்கமானது. ஒவ்வொரு நரம்புத் தண்டுக்குள்ளும் அதற்கென்றே நுண்ணிய இரத்த நாளங்கள் ஓடுகின்றன. மேற்கையில் பட்டையை இறுக்கி இரத்த ஓட்டத்தை முழுக்க நிறுத்தினால், கால்மணி நேரத்தை ஒட்டி விரல் நுனிகள் மரக்கத் தொடங்குகின்றன. நரம்பை யாரும் தொடவில்லை, அதன் உணவு மட்டும் நின்றிருக்கிறது. பெரிய தமனிகளின் சுவருக்கும் இப்படியே. வெளியடுக்கில் சின்னஞ்சிறு நாளங்களும், நரம்பு இழைகளும், நிணநீர் நுண்குழல்களும் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் சுவருக்குள்ளும் மற்ற இரண்டும் இருக்கின்றன.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். தெருவில் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் சாக்கடைக் குழாயும் ஒரே பள்ளத்தில் போடப்படுகின்றன. பள்ளம் வெட்டும் செலவு மிச்சம் என்பதைத் தவிர அவற்றுக்குள் உறவு ஏதும் இல்லை. உடலிலும் எலும்புக்கும் தசைக்கும் நடுவே கிடைக்கும் பாதுகாப்பான இடைவெளிகள் சொற்பம். போகிறவை எல்லாம் அங்கேதான் போயாக வேண்டும். சேர்ந்து போவதாலேயே உறவு என்று சொல்ல முடியுமா? முடியாது. அருகில் இருப்பது மட்டும் சான்றாகாது. இந்த ஆட்சேபத்தைத் தீர்க்க ஒரே வழி, ஒன்றை இடம் மாற்றிவிட்டு மற்றது என்ன செய்கிறது என்று பார்ப்பது. அதை 2002இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஆண்டர்சனின் ஆய்வுக் கூடத்தில் முகோயாமாவும் உடன் உழைத்தவர்களும் எலிக் கருக்களில் செய்து பார்த்தார்கள். வளரும் கரு எலியின் கால் தோலில் தமனிகள் நரம்புக் கிளைகளின் மீதே படிந்து வளர்வதைக் கண்டார்கள். மரபணு மாற்றத்தால் நரம்புகள் அங்கே வராமல் செய்தபோது தமனிகள் சரியாக உருவாகவில்லை. அதைவிட அழுத்தமான சான்று அடுத்தது. வழிகாட்டும் ஒரு புரதம் இல்லாததால் நரம்புகள் தாறுமாறாகப் பரவிய கருக்களில், தமனிகளும் அதே தாறுமாறான தடத்தைப் பின்பற்றின. இடைவெளிகள் மாறவில்லை, எலும்பும் தசையும் மாறவில்லை, நரம்பு மட்டும் தடம் மாறியது. தமனி அதன் பின்னே போயிற்று. நரம்பு இழைகளும் அவற்றைப் போர்த்தும் செல்களும் சுரக்கும் நாள வளர்ச்சிக் காரணிதான் இந்த அழைப்பு.

மறுதிசையிலும் அழைப்பு உண்டு. பரிவு நரம்புகள் தம் இலக்கை அடையப் பெரும்பாலும் தமனிகளைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. தமனிச் சுவரின் தசைச் செல்கள் வெளியிடும் புரதங்கள் அவற்றை இழுக்கின்றன. நிணநீர் நாளங்கள் சிரைகளிலிருந்து மொட்டுவிட்டுப் பிறக்கின்றன என்று ஃபிளாரன்ஸ் சேபின் 1902இல் பன்றிக் கருக்களைக் கொண்டு வாதிட்டார். நெடுநாள் சர்ச்சைக்குப் பிறகு மரபணு ஆய்வுகள் அவர் பக்கமே பெரிதும் சாய்ந்தன. அப்படிப் பிறந்த செல்கள் எந்த வழியில் போகின்றன? உடல் கண்ணாடி போலிருப்பதால் உயிருடன் வைத்தே உள்ளே பார்க்க முடிகிற ஜீப்ரா மீன் குஞ்சுகளில், அவை முதலில் இயக்க நரம்பின் தடத்தை ஒட்டியும், பிறகு தமனிகளைப் பற்றிக்கொண்டும் ஊர்ந்து செல்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த நரம்புகளை அழித்துவிட்டால் நிணநீர் நாளம் அமைவதில்லை. குழாய் கம்பியைக் கூப்பிடாது. இவை கூப்பிடுகின்றன.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. சேர்ந்து வளர்வது உண்மையே ஆனாலும் அதனால் பயன் உண்டு என்று ஆகிவிடுமா? அசெல்லி காட்டப் புகுந்த அதே குரல்வளை நரம்பைப் பாருங்கள். மூளையிலிருந்து குரல்வளைக்குச் சில அங்குலம்தான். ஆனால் இடப்பக்க நரம்பு கழுத்தைக் கடந்து மார்புக்குள் இறங்கி, மகாதமனியின் வளைவுக்கு அடியில் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இந்த வீண் பயணம் பல மீட்டர். கருவில் இந்த நரம்பு ஒரு தமனி வளைவின் கீழே கிடந்தது. இதயம் மார்புக்குள் இறங்கியபோது அந்த வளைவு நரம்பையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. வலப்பக்கத்தில் இயற்கையே ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு வலது கைக்குப் போகும் தமனி வழக்கமான இடத்தில் உருவாகாமல் வேறிடத்திலிருந்து கிளம்புகிறது. அவர்களில் வலப்பக்க நரம்பு எதையும் சுற்றாமல் நேரே குரல்வளைக்குப் போய்விடுகிறது. தைராய்டு அறுவை செய்பவர்கள் எதிர்பாராமல் வெட்டிவிடக்கூடிய நரம்பு அது. ஆக, இந்தத் துணைப் பயணத்தால் நரம்புக்கு ஒரு பயனும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பரிணாமத்தில் பழைய ஏற்பாடு இப்படிச் சுமையாக மிஞ்சுவது உண்டு. அருகருகே இருக்கும் ஒவ்வோர் ஏற்பாடும் பயனுள்ளது என்று வாதிட்டால் இந்த நரம்பு அதை முறித்துவிடும். நான் வாதிடுவது அதுவல்ல. கரு உருவாகும்போதே தமனியின் விதி நரம்பின் விதியோடு முடிச்சுப் போடப்படுகிறது என்பதற்கு, பயனற்ற இந்தச் சுற்றுப் பயணத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மூன்றாவது ஆட்சேபம் விழித்திரைக்கு முன்னே, கருவிழியை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் வெண்படலத்திலிருந்து வருகிறது. உடலிலேயே மிக அடர்த்தியாக நரம்பு முனைகள் உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. தூசி விழுந்தால் படும் வேதனை அதற்குச் சாட்சி. ஆனால் அதில் இரத்த நாளமும் இல்லை, நிணநீர் நாளமும் இல்லை. நரம்பு இருந்தால் நாளம் வரும் என்றால் இங்கே ஏன் வரவில்லை? இதற்கான விடை 2006இல் வெளிவந்தது. வெண்படலம் ஒரு புரதத்தைத் தொடர்ந்து சுரந்து, நாளங்களை அழைக்கும் அந்த வளர்ச்சிக் காரணியைப் பிடித்து முடக்கிவிடுகிறது. எலிகளில் அந்தப் புரதத்தைத் தடுத்ததும் நாளங்கள் உள்ளே புகுந்தன. மனாட்டி என்னும் கடல்வாழ் பாலூட்டியின் வெண்படலத்தில் இயல்பாகவே இரத்த நாளங்கள் உண்டு. அதில் இந்தப் புரதம் இல்லை. அதன் உறவினமான ஆவுளியாவின் வெண்படலத்தில் புரதம் உண்டு, நாளங்கள் இல்லை. நம் பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் அதே கடற்பசு இனம்தான் ஆவுளியா. நாளங்கள் வராமல் இருப்பது தானாக நடப்பதல்ல. ஓயாமல் தடுத்தால்தான் நடக்கிறது. ஒளி தடையின்றிப் போக வேண்டும் என்பதற்காக உடல் தரும் விலை இது. காயமோ கடும் தொற்றோ அந்தத் தடையை உடைத்தால் இரத்த நாளமும் நிணநீர் நாளமும் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன. அதன் பிறகு அங்கே வைக்கும் மாற்றுப் படலத்தை உடல் நிராகரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

மூட்டுக் குருத்தெலும்பு வேறு வகை. அதில் நாளம், நரம்பு, நிணநீர் மூன்றுமே கிடையாது. இல்லாமையிலும் மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. மூட்டுத் தேய்மானத்தில் அடியிலுள்ள எலும்பிலிருந்து நாளங்கள் குருத்தெலும்புக்குள் ஏறும்போது நரம்பு இழைகளும் உடன் ஏறுகின்றன, வலிக்கு அதுவும் ஒரு காரணம். மூளையைப் பொறுத்தவரை, அங்கே நிணநீர் நாளமே இல்லை என்பது நெடுங்காலப் பாடம். 2015இல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் தனித்தனியே வேலை செய்த இரு குழுக்கள், எலியின் மூளையைப் போர்த்தும் உறையில் பெரிய சிரைப் பாதைகளை ஒட்டி நிணநீர் நாளங்கள் இருப்பதை நிறுவின. மூளைத் திசுவுக்குள்ளே அவை இருப்பது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை என்பதால் இந்த விதிவிலக்கு முழுதாக நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கோட்பாடு இருக்கட்டும், நோயாளியின் உடலில் இந்த உறவு எப்படித் தெரிகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். தொழுநோயை எடுத்துக்கொள்வோம். அந்தக் கிருமி நரம்பைப் போர்த்தும் செல்களில் குடியேறுகிறது. அங்கே நுழைய அது நரம்புத் தண்டின் வெளியுறையில் உள்ள இரத்த, நிணநீர் நாளங்களையே வாசலாகப் பயன்படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொழுநோயில் விரல்கள் குறைந்துபோவது சதை அழுகுவதால் என்றே உலகம் நம்பியிருந்தபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், உணர்வு போன கையில் தெரியாமலே சூடும் வெட்டும் படுவதால்தான் அந்தச் சிதைவு என்று காட்டினார். நீரிழிவில் பாதத்துக்கு நேர்வதும் இதற்குப் பக்கத்து உறவு. நரம்புக்கு ஊட்டமளிக்கும் நுண்நாளங்கள் கெடுவதும் நரம்பு இழைகளே சர்க்கரையால் கெடுவதும் சேர்ந்து, மிக நீளமான இழைகளை, அதாவது பாதத்துக்குப் போகிறவற்றை, முதலில் தாக்குகின்றன. வலி தெரிவதில்லை. வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கிறது. தமனியும் அடைபட்டிருந்தால் அந்த வெடிப்பு ஆறுவதில்லை. நரம்பு மருத்துவரிடம் ஒரு நாள், இரத்தக் குழாய் மருத்துவரிடம் ஒரு நாள் என்று அலையும் அந்தக் கால் உண்மையில் ஒரே நோயைத்தான் சுமக்கிறது. அந்த அலைச்சலில் காலம் போகிறது, சில நேரம் காலே போகிறது. பாதத்துக்கென்று ஒரே கூரையின் கீழ் எல்லோரும் சேர்ந்து பார்க்கும் மருத்துவம் பெரிய ஊர்களில் மட்டுமல்ல, மாவட்ட மருத்துவமனைகளிலும் வேண்டும்.

அக்குளில் இந்த மூன்றும் நெருங்கியிருப்பதன் விலையை மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு ஆளான பெண்கள் நன்கறிவார்கள். அங்கே கைக்குப் போகும் பெரிய தமனி, சிரை, அவற்றைச் சூழ்ந்த நரம்புப் பின்னல், கொழுப்புக்குள் புதைந்த இருபது முப்பது நிணநீர்க் கணுக்கள் எல்லாம் ஒரு கைப்பிடி அளவில் அடங்கியிருக்கின்றன. கணுக்களை அகற்றும்போது, அவற்றின் நடுவே ஓடும் ஒரு மெல்லிய உணர்வு நரம்பு அறுபடுவது உண்டு. மேற்கையின் உட்புறம் மரத்துப்போகும். நிணநீர் வழி குறைவதால் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் கை வீங்கும். வீக்கத்தில் தேங்குவது வெறும் நீரல்ல, புரதம் செறிந்த திரவம். அது தோலைத் தடிக்கவைத்து, தொற்றுக்கும் இடம் கொடுக்கும். யானைக்கால் நோயில் புழுக்கள் நிணநீர் நாளங்களைச் சிதைத்து உண்டாக்கும் வீக்கமும் இதே வழியில்தான் கெட்டிப்படுகிறது. மார்பகக் கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை மட்டும் சாயத்தால் கண்டுபிடித்துச் சோதிக்கும் முறை வந்த பிறகு, அதில் புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொடாமல் விடுகிறார்கள். நிணநீர் எந்தத் தடத்தில் ஓடுகிறது என்ற உடற்கூறு அறிவு ஒரு பெண்ணின் கையைக் காப்பாற்றுகிறது.

துண்டான கையை மறுபடி ஒட்டவைக்கும் அறுவையில் இந்தக் கூட்டணி தன் ஒழுங்கை மெல்ல மீட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். 1960களின் தொடக்கத்தில் பாஸ்டனிலும் ஷாங்காயிலும் முதன்முதலாக வெற்றிபெற்ற இந்த அறுவையில் எலும்பைப் பிணைத்து, தமனியையும் சிரைகளையும் தைத்தால் கை உடனே சிவந்து உயிர் பெறுகிறது. நரம்பை நுனியோடு நுனி சேர்த்துத் தைத்தாலும் அதன் இழைகள் வெட்டுவாயிலிருந்து புதிதாக வளர வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டில் துண்டானால் விரல் நுனி உணர்வு பெற ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். நிணநீர் நாளங்களைப் பொதுவாக யாரும் தைப்பதில்லை, அவ்வளவு நுண்ணியவை. முதல் வாரங்களில் கை வீங்கிக் கிடக்கும். பிறகு வெட்டுவாயைத் தாண்டிப் புதிய நிணநீர்க் குழல்கள் தாமாகவே முளைத்து இணைய, வீக்கம் மெல்ல வடியத் தொடங்கும்.